சுருதி பிடித்த தம்பி

பெரிய வாத்தியக்காரர்கள் தங்கள் ரசனையை வளர்த்த இசைத்தொகுப்புகள் இவை என்று பட்டியல் போடும்போது எனக்குக் கொஞ்சம் பொறாமை வரும். அவர்கள் கடைக்குப் போய், புரட்டிப் பார்த்து, தெரிந்தெடுத்து வாங்கியவர்கள். வன்னியின் மல்லாவியில் எங்களுக்கு ரசனை உழவு இயந்திரப் பெட்டியில் வந்திறங்கியது.

1996இல் கிளிநொச்சிச் சனம் இடம்பெயர்ந்து வந்தபோது எங்கள் வளவு நிறைந்தது. அம்மி, கோழிக்கூடு, தையல் மெசினோடு கசற்றுகளும் வந்தன. ஷெல் விழுகிற நேரத்தில் நல்ல பாட்டு எது என்று யார் பார்ப்பது? கைக்கு அகப்பட்டதை அள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள். சீர்காழியின் பக்திப் பாடல்கள், ஏ. ஈ. மனோகரனின் பொப், நடுவில் அறுந்து ஒட்டப்பட்ட 'ரோஜா' எல்லாம் ஒரே பிஸ்கட் ரின்னுக்குள் கிடந்தன. அவற்றோடு ஒருவரும் தேடாத இரண்டு: இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?', 'நத்திங் பட் விண்ட்'. முன்னது 1986இல் வந்தது, பின்னது 1988இல். "பாட்டே இல்லாத கசற்றைக் கட்டிக்கொண்டு வந்திருக்கு சனம்" என்று அம்மம்மா தலையில் கைவைத்தா.

கசற் வந்தது, கரண்ட் வரவில்லை. பற்றறியோ வன்னிக்குத் தடைசெய்யப்பட்ட பொருள். பழைய பற்றறியில் ஆணியால் துளை போட்டு உப்புத்தண்ணீர் விட்டால் ஒரு பாட்டுக்கு உயிர் பிடிக்கும். அடுத்த பாட்டின் சரணத்தில் ஜேசுதாஸ் சமாதியாகிவிடுவார். மிஞ்சியது சைக்கிள்தான். தலைகீழாக நிறுத்தி, டைனமோவைப் பின் டயரில் சாய்த்து, பெடலைக் கையால் சுற்ற வேண்டும். டைனமோ தருவது ஆடலோட்டம், றேடியோ கேட்பது நேரோட்டம். செத்துப்போன றேடியோ ஒன்றில் கழற்றிய டயோட்டுகள் இரண்டுக்கும் நடுவில் சமாதானம் பேசின.

கசற் நாடா செக்கனுக்கு 4.76 சென்ரிமீற்றர் ஓட வேண்டும் என்பது உலக நியமம். எங்கள் வீட்டில் அது தம்பி மத்தியானம் என்ன சாப்பிட்டான் என்பதைப் பொறுத்தது. சோறும் மீன்குழம்பும் என்றால் ஜானகி ஜானகியாகவே பாடுவார். மரவள்ளிக்கிழங்கு மட்டும் என்றால் இரண்டாவது பாட்டிலிருந்து ஜானகிக்கு மீசை முளைத்துவிடும்.

அப்போது நான் வற்றாப்பளைப் பொங்கல் கடைத்தெருவில் வாங்கிய புல்லாங்குழலில் பழகிக்கொண்டிருந்தேன். மூங்கிலுக்குத் துளை போட்டால் போட்டதுதான், அதன் சுருதியை முறுக்கி ஏற்ற முடியாது. ஆகவே பாட்டுத்தான் குழலுக்கு இறங்கிவர வேண்டும், அல்லது ஏறிவர வேண்டும். மற்ற ஊர்களில் வித்துவான்கள் தம்புராவின் முறுக்காணியைத் திருகினார்கள். நான் தம்பியைத் திருகினேன்.

"கெதியாச் சுத்தடா, சுருதி இறங்குது!"

"கை நோகுது அண்ணை. நீங்கள் ஊதுறதை மெதுவா ஊதுங்கோவன்."

'நத்திங் பட் விண்ட்' முழுக்க ஹரிபிரசாத் சௌராசியாவின் குழல். அவர் ஒரே மூச்சில் எடுக்கிற நீண்ட சஞ்சாரம், தம்பி களைக்கக் களைக்க இன்னும் நீளும். மனிதரால் முடியாத நீளம் அது. எனக்கு அது எப்படித் தெரியும்? சௌராசியாவால் முடியும் என்றால் மல்லாவியானால் முடியாதா என்று நானும் தம்கட்டி ஊதி, கண் இருண்டு வேப்பமரத்தடியில் சாய்ந்திருக்கிறேன். இன்றைக்கு என் மூச்சைக் கேட்டு "எந்தக் குருவிடம் பயின்றீர்கள்?" என்று விசாரிக்கிறார்கள். குரு இப்போது துணுக்காயில் உரக்கடை வைத்திருக்கிறார்.

'ஹவ் டு நேம் இட்?' வேறு விதமாக என்னை ஆட்கொண்டது. அதைத் தியாகராஜருக்கும் பாக் என்ற இசைமேதைக்கும் காணிக்கையாக்கியிருந்தார் ராஜா. ஜெர்மனியில் பாக் இறந்தது 1750இல். தியாகராஜர் பிறந்தது 1767இல். சந்திக்காத இருவரை வி. எஸ். நரசிம்மனின் வயலின் ஒரே திண்ணையில் இருத்தியது. எங்கள் கசற்றில் அந்தத் திண்ணையில் மூன்றாவதாக ஒரு ஆளும் இருந்தார். ஜெர்மனியில் அகதியாக இருந்த மாமாவுக்கு அதே கசற்றில் குரல்கடிதம் அனுப்பச் சொல்லி யாரோ யோசனை சொல்ல, போய்த் திரும்பி வந்தபோது, பாக்கின் வயலின் மேலேறி மேலேறி உச்சியைத் தொடப்போகிற இடத்தில் மாமா வந்தார்: "அக்கா, நான் சுகம். சிவப்பி கண்டு போட்டிட்டுதோ?" மாடு, வேலி, குளிர், சமையலறையில் கோப்பை கழுவுகிற கதை எல்லாம் முடிந்ததும் வயலின் ஒன்றும் நடவாததுபோல் தொடரும். பாக்கும் ஜெர்மனி, மாமாவும் ஜெர்மனி. ராஜா யோசித்துத்தான் சேர்த்திருப்பார் என்று நெடுநாள் மரியாதையோடு கேட்டேன்.

2002இல் போர்நிறுத்தம் வந்து ஏ9 பாதை திறந்தது. பற்றறி வந்தது, புதுக் கசற்றுகளும் வந்தன. ராஜாவின் அந்த இரண்டு தொகுப்புகளையும் சரியான வேகத்தில் முதன்முதலாகக் கேட்டேன். சௌராசியா எங்கேயோ பஸ்ஸைப் பிடிக்க அந்தரப்படுகிறவர்போல ஊதினார். பாக் உச்சியைத் தொட்டும் மாமா வரவில்லை. அந்த இடம் இன்றும் எனக்குக் குறையாகத்தான் கேட்கிறது. சிவப்பி கண்டு போட்டதா இல்லையா என்று தெரியாமல் எப்படி ஒரு இசை நிறைவுபெறும்?

இப்போது கலியாண வீடுகளுக்கு வாசிக்கப் போகிறேன். பாட்டு முடிகிற இடத்தில் என் குழல் தானாகவே இழுபட்டு, சுருதி ஒரு நூல் இறங்கும். கீபோர்ட் வாசிக்கிற பெடியன் என்னைத் திரும்பி முறைப்பான். பந்தலில் இருக்கிற என் வயதுக்காரர்களோ அந்த இடத்தில்தான் கண்ணை மூடித் தலையாட்டுவார்கள். அவர்கள் வீட்டிலும் ஒரு தம்பி சுற்றியிருப்பான்.