பேட்டரிப் பெயர்ச்சி: ஒரு நூற்பாவும் அதன் விருத்தியுரையும்

கழற்றுங் காலை மைனஸ் முன்னும்
பூட்டுங் காலை மைனஸ் பின்னும்
வருதல் மரபே, வழிநின்று நோக்குநர்
தொகைக்கோர் எல்லை வகுத்தல் அரிதே.

இந்நூற்பா என்னுதலிற்றோ எனின், சிறு காரின் பேட்டரியை வீட்டு வாசலிலேயே மாற்றும் முறையும், மாற்றுவோனைச் சூழ்ந்து நிற்போரின் இயல்பும் உணர்த்துதல் நுதலிற்று. இயற்றியவனும் உரை செய்பவனும் ஒருவனே ஆதலால் பாடபேதங்களுக்கு இடமில்லை.

சிறு கார் என்றது, பானெட்டைத் தூக்கியதும் பேட்டரி கண்ணுக்குத் தெரியும் காரை: ஆல்டோ, வேகன் ஆர் முதலியன. சீட்டுக்கடியிலும் டிக்கியிலும் பேட்டரியை ஒளித்து வைத்திருக்கும் வண்டிகளும், புது பேட்டரி வந்த செய்தியைத் தம் கம்ப்யூட்டருக்கு முறைப்படி அறிவித்தால்தான் ஏற்றுக்கொள்ளும் வண்டிகளும் இவ்வுரைக்குப் புறம்பானவை. அவற்றின் சொந்தக்காரர்கள் பொதுவாக வாசலில் குந்தி ஸ்பேனர் பிடிப்பவர்களும் அல்லர்.

'பேட்டரிக் கடைக்காரரே ஆள் அனுப்பி, காசு வாங்காமல் மாட்டிக் கொடுக்கிறாரே, பிறகு தானே ஏன் மாற்ற வேண்டும்?' எனின், அன்று ஞாயிற்றுக்கிழமை என்பது ஒரு விடை. வேறு விடைகளும் சொல்லப்படுகின்றன. எதுவும் மனைவிமாரிடம் எடுபட்டதாகத் தெரியவில்லை.

இனி வரலாறு. ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் தோய்த்து மின்சாரத்தைச் சேமிக்கலாம் என்று பிரான்சின் காஸ்டன் பிளாந்தே கண்டது 1859-இல். அப்போது கார் கிடையாது; பேட்டரி முந்திப் பிறந்துவிட்டு, மாட்டிக்கொள்ள ஒரு வண்டிக்காகக் காத்திருந்தது. கார் வந்த பிறகும் முன்பக்கம் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றித்தான் எஞ்சினை எழுப்பினார்கள். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறியும். சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் 1912-ஆம் ஆண்டு மாடல் காடிலாக்கில் வந்தபின் மணிக்கட்டுகள் தப்பின. அன்றிலிருந்து முறிவது காலை நேரத்து மனநிலை மட்டுமே. மாருதி 800 இங்கே 1983-இல் வந்தபோது 'தள்ளு' என்னும் மாற்றுவழியும் உயிரோடு இருந்தது. செகண்ட் கியரில் போட்டு, கிளட்சை மிதித்து, நாலு பேர் தள்ள, விட்டால் எடுத்துக்கொள்ளும். தெருவின் ஒற்றுமையை அளக்க அதைவிட நல்ல கருவி கிடையாது. ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகள் வந்து அதற்கும் வழியடைத்துவிட்டன.

அடுத்தது நோய் நாடல். சாவியைத் திருப்பினால் 'டிக், டிக், டிக்' என்று மட்டும் கேட்பது முதற்குறி. ஸ்டார்ட்டருக்கு நூறு ஆம்பியருக்கு மேல் வேண்டியிருக்க, பேட்டரியிடம் அதன் சுவிட்சை இழுத்துப் பிடிக்கும் சக்திகூட நிலைக்கவில்லை என்பது பொருள். இவ்வொலியைப் பற்றிக் கருத்து வேறுபாடுகள் உண்டு. 'பெட்ரோல் இருக்கா பாருங்க' என்பது வாட்ச்மேன் மரபு. 'செல்ஃப் மோட்டார் போயிருக்கும்' என்பது இரண்டாம் மாடி மரபு. நானூறு ஐந்நூறு ரூபாய் மல்டிமீட்டர் இப்பூசலை நொடியில் தீர்க்கும் என்பதனாலேயே அதை யாரும் வாங்கி வைப்பதில்லை. இரவெல்லாம் சும்மா நின்ற பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைகுடம், 12.2 பாதி, 12-க்குக் கீழே போனால் அநேகமாகக் காலி. எஞ்சின் ஓடும்போது பதினான்கை ஒட்டி ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் குற்றம் ஆல்டர்னேட்டர் பக்கம். புது பேட்டரி வாங்கிப் பயனில்லை. கதவு சரியாகச் சாத்தாமல் உள்விளக்கு எரிந்துகொண்டே இருந்திருந்தாலும் பேட்டரி இறங்கும். 5 வாட் பல்பு ஒன்று 35 ஆம்பியர்-மணி பேட்டரியை மூன்றரை நாளில் குடித்துவிடும். அப்போது வேண்டியது சார்ஜ்தான், பெயர்ச்சி அன்று.

மார்கழி விடியலில் வண்டி எடுக்காவிட்டால் பழி பனியின் மேல் விழுகிறது. உள்ளேயிருக்கும் தகடுகளை அரித்து வைத்தது கத்திரி வெயில். வெயிலில் அரிப்பு வேகம் பிடிக்கிறது. மார்கழிக் குளிரில் எஞ்சின் ஆயில் கொஞ்சம் கெட்டிப்பட, பழுது வெளிப்படுகிறது. கொன்றவன் சித்திரையிலேயே தப்பித்துவிட, பிடிபட்டது மார்கழி.

இனி 'மைனஸ் முன்னும்' என்ற தொடர். உரையின் உயிர்நிலை இது. முன்பு கழற்றுக என்றது என்னை எனின், இக்காலத்துக் காரின் உடம்பு முழுவதும் மைனஸோடு கட்டப்பட்டது. மைனஸ் மாட்டியிருக்கையில் பிளஸ் நட்டைத் திருகினால், ஸ்பேனரின் மறுமுனை பக்கத்துத் தகரத்தைத் தொட்டாலும் போதும்: பிளஸிலிருந்து ஸ்பேனர், ஸ்பேனரிலிருந்து பாடி, பாடியிலிருந்து மைனஸ் என்று வட்டம் முடிந்து நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். தீப்பொறி பறக்கும், ஸ்பேனர் ஒட்டிக்கொள்ளும், சார்ஜ் ஆகும்போது பேட்டரி விடும் ஹைட்ரஜன் அருகில் தேங்கியிருந்தால் அதுவும் கலந்துகொள்ளும். மைனஸை முதலில் எடுத்துவிட்டால் வட்டம் அறுந்துபோகும். அப்புறம் பிளஸ்ஸில் இருக்கும் ஸ்பேனர் பாடியைத் தொட்டாலும் ஒன்றுமில்லை. மாட்டும்போது மைனஸ் கடைசியில் வருவதும் இதனாலேயே. மோதிரமும் கைச்சங்கிலியும் ஸ்பேனரைப் போலவே மின்சாரம் கடத்துவன. தங்கம் இன்னும் நன்றாகவே கடத்தும். கழற்றிப் பையில் போடுக. பீடிக்குச் சற்று தள்ளி இடம் ஒதுக்குக.

ஈண்டு மாறுகொள்வார் ஒருவர் உளர். கீழ்வீட்டு ரிட்டயர்டு சார் பனியனோடு வந்து நின்று, "தம்பி, பிளஸ்ஸ மொதல்ல எடுங்க. எங்க காலத்துல அப்படித்தான்" என்பார். சிரித்துத் தள்ளிவிடத் தோன்றும், தள்ளலாகாது. 1960-கள் வரையில் மாரிஸ், ஆஸ்டின் போன்ற பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாடியோடு இணைந்திருந்தது பிளஸ். அவ்வண்டிகளுக்குப் பிளஸை முதலில் எடுப்பதே சரி. ஆகவே மெய்யான விதி 'பாடியைத் தொட்டிருப்பது எதுவோ அதை முதலில் எடு' என்பதே. மைனஸ் என்று நூற்பா சொன்னது இக்காலத்து வழக்கு நோக்கி. சார் சொன்னது பிழையன்று, வழக்கொழிந்தது. இதை அவரிடம் விளக்க முற்படுவதற்குள் வெயில் ஏறிவிடும் என்பதால், "சரி சார்" என்று சொல்லிவிட்டு மைனஸைக் கழற்றுவதே சான்றோர் வழக்கு.

அவரே சொல்லும் இன்னொரு சோதனையும் உண்டு: வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி ஒயரைக் கழற்றிப் பார்ப்பது, எஞ்சின் நிற்காவிட்டால் சார்ஜிங் நன்றாயிருக்கிறது என்று முடிவு கட்டுவது. டைனமோ காலத்தில் அது நடந்தது. ஆல்டர்னேட்டர் வண்டியில் அப்படிச் செய்தால் மின்னழுத்தம் சட்டென்று எகிறி, எலக்ட்ரானிக் பொருள்களைப் பதம் பார்க்கலாம். இந்த ஒரு இடத்தில் மட்டும் "சரி சார்" என்பதும் கூடாது.

கருவி: டெர்மினல் நட் பெரும்பாலும் 10 எம்.எம். வீட்டில் இருப்பது இரட்டை முனையுள்ள 10-11 ஸ்பேனர். கைக்கு முதலில் வருவது 11-ஆம் முனை. அதுவும் ஏறக்குறைய பிடிக்கும். அந்த ஏறக்குறையவில் நட்டின் மூலைகள் தேய்ந்து உருண்டைக் கோலம் பூணும். பிறகு கட்டிங் பிளேயர், சுத்தியல், மெக்கானிக் என்று வருணனை நீளும். டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளை, நீலப் பச்சைப் பொடி அமிலக் கசிவு ஈயத்தையும் செம்பையும் தின்ற மிச்சம். ஊதக்கூடாது, நாக்கில் வைக்கக்கூடாது (சிறுவர்கள் அருகில் இருப்பதால் இதையும் எழுத வேண்டியிருக்கிறது). சோடா உப்புக் கரைத்த வெந்நீர் ஊற்றினால் நுரைத்துக் கரையும். பேட்டரியை இறுக்கிப் பிடித்திருக்கும் கிளாம்பையும் தளர்த்திவிட்டு, நிமிர்த்திப் பிடித்தபடியே தூக்குக. எடை பத்துக் கிலோவை ஒட்டி வரும். குனிந்த முதுகுக்கு அது இருபதாகத் தெரியும்.

புதியது வாங்கும்போது பழையதன் நெற்றியில் இருக்கும் எழுத்தைக் குறித்துச் செல்க. 38பி20எல் என்றால், முன்னுள்ள எண் திறன். பி அகல உயர வகை. 20 ஏறத்தாழ நீளம், சென்டிமீட்டரில். எல் டெர்மினல் எந்தப் பக்கம் என்பது. கடைசி எழுத்து தானே என்று ஆர் வாங்கி வந்தால், ஒயர் ஒரு சாண் எட்டாமல் நிற்கும். பிளஸ் முனை மைனஸ் முனையைவிடச் சற்றுத் தடிமன், கிளாம்பும் அதற்கேற்ப. ஆள் மாறிப் போகக்கூடாதே என்று செய்தவர் எண்ணியிருக்க வேண்டும். ஆயினும் தட்டித் தட்டி உள்ளே நுழைப்போர் இருக்கும் உலகம் இது.

பூட்டிய பின் எஞ்சின் ஒரே திருப்பில் எடுக்கும், கூட்டம் கலையாது. ரேடியோ தன் எஃப்.எம். நிலையங்களை எல்லாம் மறந்திருக்கும். டாஷ்போர்டு கடிகாரம் ஒரு மணி என்று சாதிக்கும். அதைத் திருத்தும் பொத்தான்களின் வரிசை மேனுவலில் உள்ளது. மேனுவல் வேறு எங்கோ உள்ளது.

பழைய பேட்டரியைக் குறித்து இரு கொள்கைகள். 'பால்கனியில் இருக்கட்டும், இன்வெர்ட்டருக்கு ஆகும்' என்பது முதல் கொள்கை. ஆகாது. கார் பேட்டரியின் மெல்லிய தகடுகள் ஒரு நொடி பலமாக மின்சாரம் இழுப்பதற்கென்று செய்யப்பட்டவை. இரவு முழுக்க ஃபேன் ஓட்டித் தீரத் தீர இறங்கினால் சீக்கிரம் மடியும். இன்வெர்ட்டருக்கென்று டியூபுலர் பேட்டரி வேறு இருக்கிறது. கடையிலேயே திருப்பிக் கொடுப்பது இரண்டாம் கொள்கை. உள்ளே இருக்கும் ஈயத்தை உருக்கி மறுபடியும் பேட்டரியே செய்வார்கள். அதனால்தான் கடைக்காரர் எக்ஸ்சேஞ்ச் விலை குறைக்கிறார். 2022-இன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளும் இக்கொள்கையின் பக்கமே. குப்பைத் தொட்டி இரு கொள்கையிலும் இல்லை.

ஸ்பேனரைத் துடைத்து உள்ளே எடுத்துப் போகும் நேரத்தில் கீழ்வீட்டு சார் மறுபடி வந்தார். கையில் அவருடைய வேகன் ஆர் சாவி.

"தம்பி, அப்படியே நம்ம வண்டியையும் ஒரு பார்வை பாத்துடுங்களேன். ரெண்டு நாளா டிக்டிக்குங்குது. பிளஸ்ஸ மொதல்ல எடுத்துட்டா வேல சுலபம்."

"சரி சார்."