சூளைக்குப் பதவி தெரியாது

கேள்வி: பதினொரு வருஷமாக ஒரு செராமிக் பட்டறையில் சூளை பார்க்கிறேன். இந்த வேலை என்றால் எனக்கு உயிர். போன வருஷம் முதலாளியின் சொந்தக்காரர் ஒருவர் மேனேஜராக வந்தார். கார்த்திகைக்கு விளக்கு அனுப்பணும், சூளையைச் சீக்கிரம் திற என்கிறார். திறந்தால் விரிசல் விடுகிறது. அதற்கும் நான்தான் காரணமாம். வேலையை விட மனசில்லை, இவரைத் தாங்கவும் முடியவில்லை. என்ன செய்யட்டும்? (வாசகர், பூதாமூர்)

பதில்: அவர் யார் வீட்டு மாப்பிள்ளை என்று சூளைக்குத் தெரியாது. உங்களுக்கு இருக்கும் பெரிய துணை அதுதான். களிமண் கலவையில் இருக்கும் குவார்ட்ஸ், 573 டிகிரி செல்சியஸில் உருமாறும். சூளை ஆறும்போது அந்த இடத்தில் சட்டென்று சுருங்கும். மெதுவாக ஆறவிட்டால் விளக்கு முழுசாக வெளியே வரும். சூட்டோடு கதவைத் திறந்து காற்றை விட்டால் 'டிங்' என்று ஒரு சத்தம். அது அந்த விளக்கின் கடைசிச் சத்தம். பதினொரு வருஷத்தில் இதை உங்கள் காதே படித்துவிட்டது. அவருக்கு இது தெரியாது. தெரியாது என்பதும் தெரியாததால்தான், "சார், விரிசல் விடும்" என்று நீங்கள் சொல்வது அவர் காதில் "சார், எனக்குச் சோம்பலாக இருக்கிறது" என்று விழுகிறது.

ஆகவே சொல்வதைக் குறைத்து, எழுதத் தொடங்குங்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். ஒவ்வொரு லோடுக்கும் அடுக்கிய தேதி, ஏற்றிய சூடு, பர்னர் அணைத்த நேரம், கதவைத் திறந்தபோது மீட்டர் காட்டிய டிகிரி, உள்ளே போனது எத்தனை, முழுசாக வந்தது எத்தனை. யார் திறக்கச் சொன்னார் என்பதையும் ஒரு ஓரத்தில், கோபமில்லாத கையெழுத்தில் குறியுங்கள்.

நம்ம ஊர்க் கதை ஒன்று இதற்கென்றே இருக்கிறது. சிவனடியார் சுந்தரர் திருமுதுகுன்றத்தில், அதாவது நம்ம விருத்தாசலத்தில், பன்னீராயிரம் பொன் பெற்றார். அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்ளும்படி இறைவன் சொன்னார். 'ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது' என்று சிரிக்கிறோமே, அந்தக் கதைதான். பொன்னை ஆற்றில் விடும் முன் சுந்தரர் செய்த ஒரு காரியத்தைப் பலரும் கவனிப்பதில்லை. அதில் ஒரு துண்டை வெட்டி மச்சமாகக் கையில் வைத்துக்கொண்டார். திருவாரூரில் எடுத்த பொன் மாற்றுக் குறைந்திருந்தது அந்த மச்சத்தோடு உரைத்துப் பார்த்ததால்தான் தெரிந்தது. கொடுத்தது சிவபெருமான், வாங்கியது அவருடைய தோழர், அங்கேயே மாதிரி தேவைப்பட்டது. உங்கள் மேனேஜரிடம் தேவைப்படாதா? அந்த நோட்டுதான் உங்கள் மச்சம்.

இரண்டு மாதக் கணக்கு சேர்ந்ததும் அவரைத் தனியாகப் பாருங்கள். பையன்கள் எதிரில் வேண்டாம். நாலு பேர் முன்னால் திருத்தப்பட்டவர் தப்பைப் பார்க்க மாட்டார், திருத்தியவரைத்தான் பார்ப்பார். "நீங்கள் செய்தது தப்பு" என்று தொடங்காமல், "கார்த்திகைக்குப் பத்து நாள் முன்னால் சரக்கு லாரி ஏற வேண்டுமென்றால், இந்தத் தேதிக்குள் சூளையில் அடுக்கிவிட வேண்டும் சார்" என்று ஒரு தேதியைக் கொடுங்கள். முதலாளியிடம் போய்ச் சொல்ல அவருக்கும் ஏதாவது வேண்டும். அது கையில் இல்லாததால்தான் அவசரப்படுத்துகிறார். ஒருநாள் சூளைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு அவரை உட்கார வையுங்கள். அந்த 'டிங்' சத்தத்தை அவரும் ஒருமுறை கேட்கட்டும். கற்றுக்கொடுக்க ஆளில்லாத இடத்தில் அவரைக் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறார்கள். அதை மட்டும் அவர்மேல் குற்றமாகச் சுமத்தாதீர்கள்.

கேள்வி: எங்கள் மேற்பார்வையாளர் சொந்தக்காரர் இல்லை. அச்சு வார்ப்பதில் அவரை மிஞ்ச ஆளே கிடையாது. பதவி உயர்வு கொடுத்ததிலிருந்து எல்லாமே குளறுபடி. இது எப்படி? (வாசகர், பெண்ணாடம்)

பதில்: 1969-இல் லாரன்ஸ் பீட்டரும் ரேமண்ட் ஹல்லும் ஒரு புத்தகமே எழுதிவிட்டார்கள். ஒருவர் ஒரு வேலையை நன்றாகச் செய்தால் மேலே ஏற்றுவார்கள். அதையும் நன்றாகச் செய்தால் இன்னும் மேலே. செய்ய முடியாத படி வந்ததும் அங்கேயே நிற்க விட்டுவிடுவார்கள். அமெரிக்க நிறுவனங்களின் விற்பனைப் பிரிவுகளை ஆராய்ந்து 2019-இல் வெளியான கட்டுரையும் இதையே கண்டது: நன்றாக விற்றவர்களுக்குத்தான் பதவி உயர்வு வாய்ப்பு அதிகம், ஆனால் அவர்களுக்குக் கீழே போனவர்களின் விற்பனை இறங்கியது. உங்கள் ஊரில் நல்ல வார்ப்புக்காரர் ஒருவரை இழந்து, தடுமாறும் மேற்பார்வையாளர் ஒருவரைப் பெற்றிருக்கிறீர்கள். அவர் கை இன்னும் அச்சை மறந்திருக்காது. புதுப் பையன்களுக்கு வார்ப்புச் சொல்லித்தர அவரைக் கூப்பிடுங்கள், அங்கே அவர் பழைய ஆளாகிவிடுவார். வருகைப் பதிவையும் லாரிக் கணக்கையும் உங்களில் ஒருவர் தோள் கொடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மேலதிகாரிக்கு ஆளை நடத்தத் தெரிந்தால் போதாதா? வேலையும் தெரிய வேண்டுமா? (வாசகி, நெய்வேலி)

பதில்: தெரிய வேண்டும். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் சுமார் 35,000 தொழிலாளர்களின் விவரங்களை மூன்று ஆய்வாளர்கள் அலசி 2017-இல் வெளியிட்டார்கள். தேவைப்பட்டால் நம் வேலையை அவரே செய்யக்கூடியவரா, அதைக் கற்று மேலே வந்தவரா என்பதுதான் வேலையில் ஒருவர் மனநிறைவோடு இருக்கிறாரா என்பதோடு மிக நெருக்கமாக ஒட்டியிருந்தது.

கேள்வி: செராமிக் டெக்னாலஜி டிப்ளமோ முடித்து வேலைக்குச் சேர்ந்தேன். ஆறு மாதம் முயன்று ஒரு பச்சை கிளேஸ் பூச்சு கண்டுபிடித்தேன். ஃபெல்ட்ஸ்பாருக்கும் குவார்ட்ஸுக்கும் வித்தியாசம் தெரியாத என் மேலாளர், அதைத் தன் கண்டுபிடிப்பு என்று முதலாளியிடம் காட்டிவிட்டார். (வாசகி, மங்கலம்பேட்டை)

பதில்: வயிறு எரியத்தான் செய்யும். ஆறு மாத உழைப்பு அம்மா அது. இங்கிலாந்தில் ஜோசையா வெட்ஜ்வுட் என்ற குயவர் சிறுவயதிலேயே சக்கரத்தில் உட்கார்ந்தவர். பிறகு பெரிய பீங்கான் ஆலைக்கு அதிபரானார். சூளையின் சூட்டை அளக்கக் கருவி செய்து, 1783-இல் ராயல் சொசைட்டி உறுப்பினரும் ஆனார். ஆயிரக்கணக்கான சோதனைத் துண்டுகளைச் சுட்ட அவர் ஒவ்வொன்றுக்கும் எண் போட்டார், கலவையைத் தன் ஏட்டில் தனக்கு மட்டும் புரியும் குறியீட்டில் எழுதினார். முதலாளியே அப்படிச் செய்தார் என்றால் நீங்கள் செய்வதில் தப்பில்லை. அடுத்த சோதனைத் துண்டின் அடியில் எண்ணையும் தேதியையும் இரும்பு ஆக்சைடு கரைசலில் எழுதுங்கள், நெருப்பிலும் அழியாது. அப்புறம், பச்சை எடுத்த கை நாளை நீலமும் எடுக்கும். முதலாளி நீலம் கேட்கும் அன்று உங்கள் மேலாளர் யாரிடம் வருவார் என்று நினைக்கிறீர்கள்?

கேள்வி: ஜால்ரா போடுகிறவருக்குத்தான் சம்பள உயர்வு. உழைக்கிறவனுக்கு? (வாசகர், திட்டக்குடி)

பதில்: விருத்தாசலம் விருத்தகிரீஸ்வரர் கோயில் திருப்பணியில் விபசித்து முனிவர் கூலியாக வன்னி இலையைத்தான் கொடுத்தாராம். அவரவர் உழைப்புக்கு ஏற்ப இலை பொன்னாக மாறியதாம். அந்த மரம் இன்றும் தலவிருட்சம். ஆனால் நம் முதலாளிகள் கொடுப்பது ரூபாய் நோட்டு, அது தானாகப் பெருகாது. செய்த வேலையின் கணக்கை எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

கேள்வி: கலவை அரைக்கும் பால்மில் அறையில் தூசு மண்டிக் கிடக்கிறது. மாஸ்க் கேட்டால் "எங்கள் காலத்தில் மாஸ்கா போட்டோம்?" என்கிறார் மேலாளர். இதையும் பொறுத்துப் போகவா? (வாசகர், விருத்தாசலம்)

பதில்: கூடாது. மேலே உள்ள பதில்களில் எல்லாம் பொறுமை சொன்னேன், இங்கே சொல்ல மாட்டேன். விளக்கு உடைந்தால் மறுபடி வார்க்கலாம். குவார்ட்ஸ் தூசு நுரையீரலில் தங்கி வரும் சிலிகோசிஸுக்கு, அதைத் திருப்பும் மருந்து இல்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே இதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் வைத்தது. அந்த அறையை இனிமேல் உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள், தண்ணீர் விட்டுத் துடையுங்கள். துணியைக் கட்டிக்கொள்வது போதாது, தூசு வடிகட்டும் மாஸ்க் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். எழுதியதில் ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும். பதில் வராவிட்டால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு மனு கொடுங்கள். இருமல் விடாமல் இருந்தால் டாக்டரிடம் போய், என்ன வேலை செய்கிறீர்கள், எத்தனை வருஷம் தூசில் இருந்தீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். இந்த வாரமே போய்விட்டு, என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.