கையேட்டில் கடல் விடுபட்டிருப்பது தொடர்பாக

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
விருந்தினர் நலப் பிரிவு,
சிறு சொகுசுக் கப்பல் நிறுவனம் (பெயர் தங்களுக்கே தெரியும்)

பொருள்: ஜனவரி மாதப் பயணம் – பார்சிலோனா முதல் சிவிதாவெக்கியா வரை – கருத்துப் படிவத்தில் இடம் போதாமை – விரிவாகத் தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் வண்ணக் கையேடு. 2. தங்கள் பயண ஒப்பந்தம், பொடி எழுத்துப் பக்கங்கள்.

ஐயா / அம்மையீர்,

ஊர் திரும்பிய கையோடு தாங்கள் அனுப்பிய கருத்துப் படிவம் கிடைத்தது. தலையணையின் மென்மை, வெண்ணெயின் பதம், வரவேற்பு மேசையின் புன்னகை என்று வரிசையாகக் கேட்டு, 1 முதல் 10 வரை மதிப்பெண் போடச் சொல்லியிருந்தீர்கள். எல்லாவற்றுக்கும் 10 போட்டுவிட்டேன். கடலுக்கு மதிப்பெண் போடக் கட்டம் இல்லை. சந்தேகத்தில் கையேட்டை எடுத்துப் புரட்டினேன். அதிலும் கடல் இல்லை. நீல நிறத்தில் ஏதோ ஒன்று எல்லாப் பக்கத்திலும் கிடக்கிறது. அது அசையும் என்று ஓரிடத்திலும் எழுதவில்லை. ஆகவே இக்கடிதம்.

கையேட்டில் தாங்கள் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பதை முதலிலேயே பதிவு செய்துவிடுகிறேன். வரி வரியாகச் சரிபார்த்தேன். கூட்டமே இருக்காது என்றீர்கள், இல்லை. மிதமான குளிர் என்றீர்கள். நீஸ் நகரப் பக்கம் பகலில் 13 டிகிரி, சொன்ன சொல் தவறவில்லை. தெளிந்த நீல வானம் என்றீர்கள். ஒரு பொட்டு மேகம் கிடையாது. அந்த மேகத்தையெல்லாம் விரட்டியது யார் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்.

அவர் பெயர் மிஸ்ட்ரல். ஆல்ப்ஸ் மலைக்கும் பிரான்ஸின் நடு மேட்டு நிலத்துக்கும் இடையில் ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு இருக்கிறது. வடக்கிலிருந்து வரும் குளிர்காற்று அந்த இடுக்கில் புகுந்து, நெருக்குண்டு, வேகமெடுத்து, லயன் வளைகுடாவில் வந்து இறங்கும். மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டுவது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. பார்சிலோனாவிலிருந்து கிழக்கே போகும் கப்பல் அவருடைய வாசலைக் கடந்துதான் ஆக வேண்டும். ஆனால் வானம் மட்டும் அற்புதமாக இருக்கும். காற்று புகைப்படத்தில் விழாது என்பது தங்கள் தொழிலுக்கு எவ்வளவு பெரிய வரம்! அட்டைப்படத்தில் ஓர் அம்மையார் வெள்ளைத் தொப்பியோடு மேல்தளத்தில் சாய்ந்திருக்கிறாரே, எங்கள் பயணத்தன்று அந்தத் தொப்பி சார்டீனியாவில் கரையேறியிருக்கும்.

அந்த வளைகுடாவுக்கு வேறொரு பெருமையும் உண்டு. குளிர்காற்று பட்டுப் பட்டு மேல்மட்ட நீர் குளிர்ந்து, கனத்து, அடியாழத்துக்கு இறங்கும். போகும்போது ஆழ்கடலுக்கு வேண்டிய ஆக்சிஜனையும் கொண்டுபோகும். 1969-இன் குளிர்காலத்தில் பல நாட்டு ஆராய்ச்சிக் கப்பல்கள் அதை அளந்து பார்க்கவென்றே அங்கே போயின. அந்த ஆராய்ச்சியாளர்களைச் சம்பளம் கொடுத்து அனுப்பினார்கள். நாங்கள் பணம் கட்டிப் போனோம்.

அடுத்து, கப்பல் சிறியது என்பது. கையேட்டின் தலைப்பிலேயே அதைத்தான் பெருமையாகப் போட்டிருக்கிறீர்கள். சிறியதுதான். அட்லாண்டிக்கின் அலை நீண்டு வரும், தூக்கும், இறக்கும். மத்திய தரைக்கடலின் அலை நெருக்கமாகவும் செங்குத்தாகவும் வரும். ஒன்றிலிருந்து இறங்கி நிமிர்வதற்குள் அடுத்தது முட்டும். கப்பலின் இரு பக்கமும் நீருக்குள் சிறகு போல் நீட்டியிருக்கும் கருவி ஆட்டத்தை அடக்கிவிடும் என்று வரவேற்புரையில் சொன்னார்கள். அது பக்கவாட்டு ஆட்டத்துக்கு. மூக்கு எழும்பி மூக்கு குத்துகிறதே, அதற்கு அந்தச் சிறகு பதில் சொல்லாது. அன்று இரவு முழுக்க எங்களை முறத்தில் போட்டுப் புடைத்தார்கள். நீச்சல் குளத்தின் நீரை மாலையிலேயே வடித்து வலை கட்டிவிட்டார்கள். படிக்கட்டுக் கைப்பிடிகளில் வெள்ளைக் காகிதப் பைகள் விசிறி மடிப்பில் செருகியிருந்தன. அந்த மடிப்பின் நேர்த்திக்குப் படிவத்தில் கட்டம் இருந்திருந்தால் அதற்கும் 10 போட்டிருப்பேன்.

என் மனைவிக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சாப்பாட்டு அறையில் பெரும்பாலான மேசைகள் காலியாகக் கிடக்க, அவர் சிங்கி இறாலை முடித்துவிட்டு இனிப்புப் பட்டியலைக் கேட்டார். நான் எதிரே அமர்ந்து சன்னலைப் பார்க்காமல் இருப்பதில் கவனமாக இருந்தேன். பரிமாறிய தம்பி தூத்துக்குடிக்காரர். ஒரு குவளைத் தண்ணீரை மேசைவிரிப்பின் மேல் தெளித்து உள்ளங்கையால் தடவினார்.

“எதுக்குப்பா?”

“நனைஞ்ச துணில தட்டு ஓடாது அண்ணாச்சி.” பிறகு ஒரு பச்சை ஆப்பிளை நறுக்கி என் பக்கம் தள்ளினார். குமட்டலுக்கு அதுதான் கப்பல்காரர்களின் கைமருந்தாம். “நாளைக்குப் போர்டோஃபினோ கெடையாது, பாத்துக்கிடுங்க.”

“கேப்டன் ஒண்ணும் சொல்லலையே?”

“கேப்டன் காலைலதான் சொல்லுவாரு. பச்ச ஆப்பிள் பெட்டி இப்பவே மேல வந்துட்டுல்லா.”

தங்கள் நிறுவனத்தில் வானிலை பற்றி எனக்குக் கிடைத்த ஒரே நேர்மையான அறிக்கை அது. அடுத்த பதிப்பில் பயண நிரலுக்குப் பக்கத்தில் ஆப்பிள் இருப்பையும் அச்சிட்டால் பயணிகளுக்கு உதவியாக இருக்கும்.

அவர் சொன்னபடியே நடந்தது. பெரிய கப்பல்கள் எட்டிப் பார்க்க முடியாத குட்டித் துறைகளுக்குக் கூட்டிப்போவோம் என்பது தங்கள் வாக்குறுதி. அந்தக் குட்டித் துறைகளில் இரண்டு, வில்ஃப்ரான்ஷும் போர்டோஃபினோவும். இரண்டிலும் வெளியே நங்கூரம் போட்டுவிட்டு, சிறு படகில்தான் கரைக்குப் போக வேண்டும். கடல் பொங்கும்போது அந்தப் படகு கப்பலின் கதவுக்கு ஆள் உயரம் மேலே வரும், அடுத்த நொடி ஆள் உயரம் கீழே போகும். எழுபது வயதுக்காரரை அதில் ஏறச் சொல்ல எந்த கேப்டனுக்கும் மனம் வராது. ஆக, பெரிய கப்பல் நுழைய முடியாத இடம் குளிர்காலத்தில் சிறிய கப்பலாலும் நுழைய முடியாத இடம். தங்கள் திட்டப் பிரிவுக்கு இது தெரியாமல் இருக்காது. 2018 அக்டோபர் 29 அன்று அடித்த புயலில் போர்டோஃபினோவுக்குப் போகும் கரையோரச் சாலையே இடிந்து கடலுக்குள் போயிற்று. பக்கத்து ஊரான ரப்பாலோவில் அலைதடுப்புச் சுவர் உடைந்து, கோடீசுவரர்களின் உல்லாசப் படகுகள் கரையில் குவிந்து கிடந்தன. அது அக்டோபர். தாங்கள் எங்களை அழைத்துப்போனது ஜனவரி.

போர்டோஃபினோவைத் தவிர்த்ததால் லிவோர்னோவுக்கு ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேர்ந்தோம். சுற்றிலும் கன்டெய்னர் பெட்டிகள். பக்கத்திலேயே தண்ணீர்ச் சறுக்குமரம் வைத்த ஒரு ராட்சதக் கப்பல் நின்றது. அதன் பயணிகள் மேலிருந்து எங்களைக் குனிந்து பார்த்துக் கையசைத்தார்கள். அவர்கள் கொடுத்த கட்டணம் எங்களுடையதில் எத்தனையில் ஒரு பங்கு என்று கணக்குப் போட உட்கார்ந்தேன். மனைவி பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். ஒரு நாள் முன்னதாகச் சேர்ந்ததில் இன்னொரு விசேஷம், அன்று திங்கட்கிழமை. அங்கிருந்து ஃப்ளாரன்ஸ் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். பேருந்தில் போய் இறங்கினோம். உஃபிட்சி அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. கூட்டமே இருக்காது என்று தாங்கள் எழுதியிருந்தது இங்கே நூறு சதவீதம் நிறைவேறியது.

இழப்பீட்டு விஷயத்தில் ஒப்பந்தம் தெளிவாகவே இருக்கிறது. எந்தத் துறைமுகத்தையும் எந்த நேரத்திலும் மாற்றலாம், விடலாம், கேள்வி கூடாது. போகாத துறைமுகங்களின் வரியை மட்டும் கப்பல் கணக்கில் வரவு வைத்தீர்கள். சாப்பாடு, குடி எல்லாமே கட்டணத்தில் அடக்கம் என்பதால் அந்தப் பணத்தைச் செலவழிக்க ஒரே வழி, சூடான கற்களை முதுகில் அடுக்கும் மசாஜ். கற்கள் அடுக்கிய இடத்தில் நிற்கவில்லை.

இதற்கெல்லாம் முன்னோடி தாங்கள்தான் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ரோமானியருக்குப் போர்க்கலை நூல் எழுதிய வெஜீஷியஸ், நவம்பர் 11 முதல் மார்ச் 10 வரை கடல் மூடியிருக்கும் என்று தேதி போட்டே எழுதிவைத்தார். தானியத்துக்கு அவசரம் என்றால் அந்தக் காலத்திலும் விதியை மீறி ஓட்டியிருக்கிறார்கள். பைபிளில், கைதியாக ரோமுக்குக் கொண்டுபோகப்பட்ட பவுல், கிரேத்தா தீவிலேயே நின்றுவிடுங்கள், இனிப் போனால் சேதம் என்று எச்சரித்தார். பொறுப்பிலிருந்த நூற்றுக்கு அதிபதி, கப்பல் தலைவனும் கப்பல் சொந்தக்காரனும் சொன்னதைக் கேட்டார். கப்பல் மால்ட்டாவில் போய் உடைந்தது. ஏறியிருந்தவர்கள் 276 பேர் என்கிறது அப்போஸ்தலர் நடபடிகள். தங்கள் கப்பலின் கொள்ளளவும் ஏறத்தாழ அதுவே. பிழைத்தவர்கள் மூன்று மாதம் அந்தத் தீவில் காத்திருந்து, குளிர் கழிந்ததும் வேறு கப்பல் பிடித்தார்கள். யாருக்கும் கணக்கில் வரவு வைத்ததாகக் குறிப்பு இல்லை.

தங்கள் சங்கடம் எனக்குப் புரியாமல் இல்லை. குளிர்காலத்தில் கப்பலைச் சும்மா கட்டிப்போட்டால் நட்டம். மற்றவர்களைப் போல அட்லாண்டிக்கைக் கடந்து கரீபியனுக்குக் கொண்டுபோவதென்றால் எரிபொருள் செலவு, அங்கே போட்டியும் அதிகம். இங்கேயே ஓட்டி, கோடை விலையில் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தால் எங்களைப் போல் யாராவது வருவார்கள் என்பது தங்கள் கணக்கு. விலையைக் குறைக்கும் கலையில் கிரேக்க அரசு தங்களைவிட நியாயஸ்தர். 2025 ஜூலையிலிருந்து சாண்டோரினியில் இறங்கும் கப்பல் பயணியிடம் கோடை உச்சத்தில் 20 யூரோவும் குளிர்காலத்தில் 4 யூரோவும் வாங்குகிறார்கள். குளிர்காலத்துக்கு ஐந்தில் ஒரு பங்குதான் விலை என்று ஓர் அரசாங்கமே சொல்லிவிட்ட பிறகு, தாங்கள் கொடுத்த தள்ளுபடியைப் பற்றிப் பேச எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இத்தனைக்கும் குளிர்காலத்தில் அந்தப் பக்கம் போகவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. கப்பலை விட்டு இறங்கிய பிறகு சில நாள் ரோமில் தங்கினோம். அங்கிருந்து நேப்பிள்ஸுக்கு வேக ரயிலில் ஒரு மணி நேரம் சொச்சம். ரயில் ஆடவில்லை, டீ கோப்பைக்குள்ளேயே இருந்தது. பக்கத்திலுள்ள பழைய ரோமானிய ஊரான பொம்பேயில் கூட்டம் தாங்காமல் 2024 நவம்பரிலிருந்து ஒரு நாளைக்கு 20,000 பேர்தான் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். நாங்கள் போன நாளில் எண்ணுவதற்கு ஆளே இல்லை. மழை பெய்து ஓய்ந்திருந்தது. அந்தத் தெருக்களில் குறுக்கே பெரிய பெரிய கற்களைப் பதித்திருப்பார்கள், கால் நனையாமல் கடப்பதற்கு. கோடையில் வருகிறவர்கள் அதன் மேல் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அன்று தெருவில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கல்லுக்குக் கல் தாண்டித்தான் எதிர்ப்புறம் போனோம். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் எந்த வேலைக்காக அந்தக் கற்களைப் போட்டார்களோ, அதே வேலைக்கு.

தாங்கள் விற்ற கூட்டமின்மை, அமைதி, வெளிச்சம் எல்லாம் நிலத்தில் இருக்கிறது. அதற்கும் எங்களுக்கும் நடுவில் இருந்தது தங்கள் கப்பல் ஒன்றுதான். என் வேண்டுகோள் எளிது. நவம்பர் 11 அன்று கப்பலை ஏதாவது ஒரு நல்ல துறைமுகத்தில் கட்டிவிடுங்கள். வலேட்டா ஆகட்டும், நேப்பிள்ஸ் ஆகட்டும். மார்ச் 10 வரை அவிழ்க்க வேண்டாம். அதே தலையணை, அதே வெண்ணெய், அதே தூத்துக்குடித் தம்பி. நாங்கள் காலையில் இறங்கி ஊர் பார்த்துவிட்டு இரவு வந்து சூப் குடிக்கிறோம். லிவோர்னோவில் கட்டிக் கிடந்த இரவில் ஒரு சொட்டுச் சூப்கூடச் சிந்தவில்லை. பயணத்திலேயே சிறந்த இரவு அதுதான். கப்பல் ஓடாது என்பதால் எரிபொருளும் மிச்சம். இதற்குக் கட்டணம் கூட்டினாலும் சம்மதம்.

கடைசியாக ஒரு நடைமுறைச் சிக்கல். படிவத்தின் இறுதிக் கேள்வி, இதே பயணத்தை மீண்டும் மேற்கொள்வீர்களா என்பது. ஒரு கேபினுக்கு ஒரு படிவம் என்று அனுப்பியிருக்கிறீர்கள். நான் கண்ணாடி தேடிக்கொண்டிருந்த நேரத்தில் என் மனைவி ‘கண்டிப்பாக’ என்ற கட்டத்தில் டிக் அடித்து, அடுத்த பிப்ரவரிக்கான தேதிகளையும் வட்டமிட்டுவிட்டார். தயவுகூர்ந்து எனக்குத் தனிப் படிவம் ஒன்று அனுப்பிவைக்கவும். முன்பணம் கழிப்பதற்குள் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
கீழ்த்தளம், முன்பக்க கேபின் பயணி

நகல்: மிஸ்ட்ரல், ரோன் பள்ளத்தாக்கு, பிரான்ஸ் – தகவலுக்காகவும் தக்க நடவடிக்கைக்காகவும்.