அக்னி சார்

எங்கள் ஆபீஸில் ஃபயர் வார்டன் ஆவதற்கு ஒரே தகுதி, ஆள் பொறுக்கும் கூட்டத்துக்கு வராமல் இருப்பது. அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் இருபத்தாறு வருஷமாகப் பேனாவைத் தவிர வேறெதையும் தூக்கியறியாத ஒருவர், மச்சினன் மகள் கல்யாணத்துக்கு ஒரே ஒரு நாள் லீவு போட்டார். திரும்பி வந்தபோது மேஜைமேல் ஆரஞ்சு கலர் மேல்சட்டையும் ஒரு விசிலும் கிடந்தன. அன்றிலிருந்து அவர் அக்னி சார்.

முதலில் முணுமுணுத்தார். பிறகு பயிற்சிக்குப் போனார். வினை பிடித்தது அங்கேதான்.

ஓய்வுபெற்ற தீயணைப்பு நிலைய அதிகாரி ஒருவர் வந்து, கார் நிறுத்துமிடத்தில் பாதியாக வெட்டிய டிரம்மில் டீசலை ஊற்றிக் கொளுத்தினார். "பின்னைப் பிடுங்குங்க. கொழுந்தைப் பார்க்காதீங்க, அடியைப் பாருங்க. பிடியை அழுத்தி இடம் வலமா வீசுங்க" என்றார். காற்று முதுகுப் பக்கம் இருக்கவேண்டும் என்பதையும் சொன்னார். அந்த நேரம் பார்த்து அக்னி சார் விசிலின் கயிற்றைச் சரிசெய்துகொண்டிருந்தார். ஆறு கிலோ பொடியில் பாதி தீக்கு, பாதி அவருக்கு. விபூதி அபிஷேகம் முடிந்த மூலவர் மாதிரி நின்றார். ஆனால் தீ அணைந்துவிட்டது. தன் கையால் ஒரு தீயை அணைத்தவர் பழைய மனுஷராக வீடு திரும்புவதில்லை.

கல்யாண மண்டபத்தில் எல்லோரும் பந்தியைத் தேடும்போது இவர் அவசர வழியைத் தேடுவார். ஒருமுறை பின்கதவு திறக்கிறதா என்று தள்ளிப் பார்க்கப்போய், சமையல்காரர் கரண்டியோடு ஓடி வந்துவிட்டார். வீட்டில், "எண்ணெய் பத்திக்கிட்டா தண்ணி ஊத்தாதே, அடுப்பை அணைச்சு தட்டால மூடு" என்று பாடம் எடுத்தார். "முப்பது வருஷமா பஜ்ஜி சுடறேன், வீடு இன்னும் இருக்குல்ல?" என்று பதில் வந்தது. அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கொதிக்கும் எண்ணெயில் விழும் தண்ணீர் நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயைக் கூரைவரை வாரி இறைக்கும். சரியாகப் பேசுகிறவரை வீட்டில் யார் மதிக்கிறார்கள்?

ஆபீஸில் திங்கள்தோறும் ரவுண்டு போவார். சிலிண்டர் முள் பச்சையில் நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். ஆயுத பூஜைக்கு யாரோ பக்தியோடு அந்த வட்டக் கண்ணாடியின் மேலேயே சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்துவிட்டார்கள். நகத்தால் சுரண்டினார். "சாமி குத்தம் சார்" என்றார் ஆபீஸ் பையன்.

தீயணைப்போர் தினம் ஏப்ரல் 14. நமக்கு அது சித்திரை முதல் நாள், லீவு. ஆகவே 15ஆம் தேதி பேசுவார். 1944இல் பம்பாய்த் துறைமுகத்தில், பஞ்சும் வெடிமருந்தும் தங்கமும் ஏற்றி வந்த கப்பல் தீப்பிடித்து வெடித்ததையும், 66 தீயணைப்பு வீரர்கள் மாண்டதையும் குரல் தழுதழுக்கச் சொல்வார். வருஷா வருஷம் ஒரே கேள்விதான் வரும்: "அந்தத் தங்கம் யாருக்கு சார் கிடைச்சுது?"

ஒத்திகை நாளில் பாதிப் பேர் லிஃப்டில் இறங்கினார்கள். கூடும் இடம் பின்பக்க மைதானம்; கூடிய இடம் எதிர் டீக்கடை. அங்கேயே தலை எண்ணினார். இரண்டு அதிகம். ஒருவர் கூரியர் பையன், இன்னொருவர் தீபாவளிக்கு முன்பே வேலையை விட்டுப்போனவர், டீ குடிக்க வந்திருக்கிறார். மேனேஜர் மட்டும் இறங்கவில்லை. கண்ணாடி வழியே, நடத்துங்கள் என்று கையசைத்தார். அவருக்குத் தனியாகத் தீ வரும் போலிருக்கிறது.

போன மாதம் நிஜமாகவே வந்தது. காபி மெஷினின் பிளக் புகைந்து கொழுந்துவிட்டது. ஐந்தாறு பேர் செல்போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். அக்னி சார் மெயினை அணைத்தார். மின்சாரத் தீக்கென்று வைத்த கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், பழைய காலண்டர் கட்டுகளுக்குப் பின்னால் சிறையிருந்தது. பொடி சிலிண்டரை எடுத்து, பின்னைப் பிடுங்கி, அடியைப் பார்த்து, இடம் வலமாக வீசினார். நாலு விநாடி. முடிந்தது. மறுநாள் வந்த ஒரே புகார், சர்க்கரை டப்பாவில் பொடி விழுந்துவிட்டது என்பது.

நாலு விநாடிதான் என்றாலும், ஒருமுறை அழுத்திய சிலிண்டரை மறுபடி நிரப்பியே ஆகவேண்டும். வால்வில் பொடி தங்கிக் காற்று கசிந்துவிடும். அதற்கு எழுதிக் கொடுத்தவரும் அவரே. கோப்பு முறைப்படி அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனுக்குப் போனது. மூன்று கொட்டேஷன் இணைக்கப்படவில்லை என்று ஆட்சேபித்துத் திருப்பி அனுப்பியவரும் அவரே. சுவரில் வெறும் கொக்கி மட்டும் தொங்குகிறது.