கம்பெனி பீஸ்

கேமிங் கம்ப்யூட்டர் விளம்பரத்தில் மூன்று பேருக்குத்தான் பெயர் போடுவார்கள்: பிராசசர், கிராபிக்ஸ் கார்டு, ராம். போர்டு யார், மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் யார் என்று மூச்சு விடமாட்டார்கள். 'அப்கிரேடுக்கு ஏற்றது' என்று மட்டும் அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும். எங்கள் வீட்டுக்கு வந்த பெட்டியிலும் இருந்தது.

வாங்கியது 2021-இல். கிரிப்டோ தோண்டுகிறவர்கள் கிராபிக்ஸ் கார்டுகளை அள்ளிக்கொண்டு போன காலம். தனியாக ஒரு கார்டு கேட்டால், கடைக்காரர் விலையைச் சொல்லிவிட்டு நம் முகத்தையே பார்ப்பார். முழு கம்ப்யூட்டராக வாங்கினால் கார்டு உள்ளேயே வரும். அதனால் வாங்கினேன், இன்றைக்குக் கேட்டாலும் அது சரியான முடிவு என்றுதான் சொல்வேன். ஐ5 10400எஃப், ஜிடிஎக்ஸ் 1650, ஒற்றைக் குச்சியாக 8 ஜிபி ராம், முகப்பில் நிறம் மாறும் விளக்கு.

பையனுக்கு சைபர்பங்க் 2077 ஆட வேண்டும். அந்த விளையாட்டு இப்போது கேட்கும் குறைந்தபட்சமே 12 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1060, எஸ்எஸ்டியில் 70 ஜிபி இடம். எங்களிடம் இருந்தது நிறம் மாறும் விளக்கு.

பெட்டியை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு சென்னை ரிச்சி தெருவுக்குப் போனோம். கடைக்காரர் பக்கத் தகட்டைக் கழற்றினார், டார்ச் அடித்தார். "கம்பெனி பீஸா சார்?" என்றார். துக்கம் விசாரிக்கிற குரல்.

"3060 போடணும்" என்றான் பையன்.

"போடலாம் தம்பி. கரண்ட் எங்கேர்ந்து வரும்?"

போர்டில் உள்ள ஸ்லாட் வழியாக ஒரு கார்டு 75 வாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது. 1650 அந்த 75-க்குள் குடித்தனம் நடத்திவிடுகிற கார்டு. 3060-க்கு 170 வாட் வேண்டும். மீதியை எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து 8 பின் ஒயர் ஒன்று நேரே கொண்டுவந்து தர வேண்டும். எங்கள் எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த ஒயரே இல்லை. மேலே ஒட்டியிருந்த லேபிளில் 300 வாட் என்று இருந்தது. கார்டுக்காரர்கள் கேட்பதோ 550.

"எஸ்எம்பிஎஸ்ஸை மாத்திடுங்களேன்" என்றேன்.

"மாத்தலாம் சார். போர்டு ஒத்துக்காது."

1995-இல் இன்டெல் ஏடிஎக்ஸ் என்று ஒரு பொதுத் தரத்தைக் கொண்டுவந்தது. கடையில் கிடைக்கிற சாதாரண ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் எதை எடுத்தாலும் போர்டுக்குப் போகும் பெரிய பிளக்கில் 24 பின் இருக்கும். எங்கள் போர்டில் அந்த இடத்தில் ஆறே பின். எஸ்எம்பிஎஸ் 12 வோல்ட் மட்டும் தரட்டும், 5 வோல்ட்டையும் 3.3 வோல்ட்டையும் போர்டே தயாரித்துக்கொள்ளட்டும் என்ற ஏற்பாடு. சும்மா இருக்கும்போது மின்சாரம் மிச்சமாகும் என்பது உண்மைதான். இன்டெலே பின்னால் இதற்கு 10 பின்னில் ஒரு பொதுத் தரம் எழுதியது. ஆனால் எங்கள் கம்பெனி தனக்கென்று ஆறு பின்னில் ஒரு பிளக் செய்துகொண்டதற்கு மின்சாரச் சிக்கனம் காரணமாக இருக்க முடியாது.

"அடாப்டர் ஒயர் வருது சார். போட்டுத் தரேன். ஆனா கியாரண்டி கேக்கப்படாது."

அப்படியானால் போர்டையே மாற்றுவோம் என்றேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். புதுப் போர்டு இந்த கேபினெட்டில் உட்காராது. பின்பக்கத் தகடு கேபினெட்டோடு சேர்த்தே அடிக்கப்பட்டது. ஃபேனுக்கு 5 பின், கடைப் போர்டில் 4. கேபினெட்டும் மாற்றினால்? இந்த பிராசசருக்கு 1200 சாக்கெட். புதுத் தலைமுறை போர்டுகளில் அது கிடையாது. பிராசசரும் மாற்றினால்? போர்டு டிடிஆர்5 கேட்டால் இந்த ராம் ஏறாது. இரண்டுக்கும் 288 பின்தான், ஆனால் நடுவில் உள்ள வெட்டு வேறு இடத்தில். இதற்குள் விண்டோஸ் நினைவுக்கு வந்தது. அதன் உரிமம் பழைய போர்டோடு கட்டிவைக்கப்பட்டதாம். மாப்பிள்ளைக்குப் பூரண சம்மதம், சித்தப்பாவை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள் என்பார்களே, அந்த வீட்டுக்குள் நாங்கள் மாட்டிக்கொண்டிருந்தோம். சித்தப்பாவைக் கேட்டால் அவர் பெரிய அத்தையைக் காட்டினார்.

இத்தனையும் மாற்றினால் பழையதில் என்ன மிஞ்சும் என்று கேட்டேன். யோசித்தார். "கீபோர்டு, மவுசு. அப்புறம் பவர் கார்டு. அது நல்ல கார்டு சார், தூக்கிப் போட்டுடாதீங்க."

1981-இல் ஐபிஎம் தன் முதல் பிசியை விற்றபோது உள்ளே ஐந்து ஸ்லாட் வைத்தது. சர்க்யூட் படத்தையும் பயாஸ் நிரலையும் புத்தகமாகவே அச்சிட்டு விற்றது. யார் வேண்டுமானாலும் கார்டு செய்து செருகலாம். அந்தப் பெட்டியின் எஸ்எம்பிஎஸ் வெறும் 63.5 வாட். எங்கள் 1650-க்குக்கூடப் போதாது. ஆனால் மனசு இருந்தது.

முடிந்ததைச் செய்தோம். இன்னொரு 8 ஜிபி குச்சி போட்டார். இரண்டு குச்சி ஆனதும் வேகம் கண்ணுக்கே தெரிந்தது. புதுக் குச்சி 3200-இல் ஓடக்கூடியது. இந்த பிராசசருக்கு வரம்பு 2666, அதற்கு மேல் ஏற்ற பயாஸில் வழியும் வைக்கவில்லை. எஸ்எஸ்டிக்கு எம்.2 ஸ்லாட் தயாராக இருந்தது. அதை இறுக்குகிற ஸ்க்ரூ மட்டும் இல்லை. போர்டே செய்தவர்கள் ஒரு ஸ்க்ரூவில் மிச்சம் பிடித்திருக்கிறார்கள்! கடைக்காரர் பழைய விபூதி டப்பா ஒன்றைத் திறந்து, கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒன்றை நகத்தால் கிள்ளி எடுத்துப் போட்டார். அதற்குக் காசு வாங்கவில்லை.

கார்டுக்கு ஆர்டிஎக்ஸ் 3050 என்றார். பையன் அதற்குள் போனில் பார்த்துவிட்டான். "3050-க்கு 130 வாட்டுண்ணா!"

"அது 8 ஜிபி, தம்பி. இது 6 ஜிபி. 2024-ல வந்தது, 70 வாட்தான். தனி ஒயரே வேணாம்."

ஒரே பெயரில் இரண்டு கார்டு. வலுவான அண்ணனின் பெயரைத் தம்பிக்கும் வைத்துக் கடையில் நிறுத்தியது யார் யோசனையோ, எங்களுக்குத் தம்பிதான் வாய்த்தான்.

விளையாட்டு ஓடுகிறது. கனமான காட்சிகளில் திணறாமல் இருக்க, பையன் செட்டிங்கில் நிழல்களையெல்லாம் முடிந்தவரை குறைத்துவிட்டான். சுயம்வரத்தில் நளனைப் போலவே உருவெடுத்து வந்த தேவர்களைத் தமயந்தி எப்படி அடையாளம் கண்டாள்? கண் இமைக்கவில்லை, கால் நிலத்தில் தோயவில்லை, மாலை வாடவில்லை. அந்த விளையாட்டு நடக்கும் நகரமான நைட் சிட்டியில், எங்கள் வீட்டில், ஆட்டோ டிரைவரிலிருந்து கூலிப்படை ரவுடி வரைக்கும், காலடியில் நிழல் இல்லாமல், தரைக்கு ஒரு விரல்கடை மேலேயே நடமாடுகிறார்கள்.

"ஹை-யில போட்டா கால் தரையில படும்பா" என்கிறான். "அதுக்கு 3060 வேணும்."