எலிவேஷனும் சாம்பாரும்: ஓர் எதிர்விகித ஆய்வு

சென்னை மாநகரில் ஓர் உணவகத்தின் முகப்பில் கண்ணாடி கூடக் கூட அதன் சாம்பார் நீர்த்துப்போகும் என்பதே இக்கட்டுரை நிறுவ முற்படும் கருதுகோள். ஆய்வு எல்லை: வடக்கே மண்ணடி, தெற்கே பழைய மகாபலிபுரம் சாலை (ஓஎம்ஆர்), மேற்கே வளசரவாக்கம். ஆய்வு நிதி: ஆய்வாளரின் சம்பளம். அது மாதக் கடைசிவரை தாங்குவதில்லை என்பதால் கடைசி வாரத் தரவுகள் அனைத்தும் கையேந்தி பவன்களில் திரட்டப்பட்டவை. முடிவுகள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கலாம். சாய்ந்த பக்கத்தில்தான் சட்னி நன்றாக இருந்தது.

கண்ணாடிக்கும் பருப்புக்கும் என்ன உறவு என்று கேட்கும் அறிஞர் பெருமக்களுக்குக் காரணகாரியத் தொடரை விளக்கியாக வேண்டும். சென்னை 13 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே வந்து நிற்பான். வெயில் எப்போது வரும் என்று ஏங்கும் குளிர்நாட்டார் அதைப் பிடித்து உள்ளே வைத்துக்கொள்ளக் கண்ணாடிச் சுவர் கட்டினால் நியாயம். நாம் அதையே மேற்குப் பார்த்துக் கட்டுகிறோம். மத்தியானம் மூன்று மணிக்கு உள்ளே தகிக்கிறது. தணிக்க ஏசி. ஏசிக்குக் கரண்ட் பில். கண் கூச்சம் தாளாமல் கண்ணாடிக்கு உள்பக்கம் திரை. அப்புறம் இருட்டுக்குப் பகலிலேயே விளக்கு. முதலாளி எங்கே கை வைப்பார்? வாடகையைக் குறைக்க முடியாது, பில்லைக் குறைக்க முடியாது. குறைக்கக்கூடியது துவரம்பருப்பு ஒன்றுதான்.

இதே ஊரில்தான் மெட்ராஸ் டெரஸ் என்று பெயர் பெற்ற மாடி இருந்தது. மர உத்தரங்களின்மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கி, சுண்ணாம்புக் காரை போட்டு இறுக்கிய தளம். உயர்ந்த கூரை, கனத்த சுவர், நடுவில் முற்றம். வெயிலை உள்ளே விட்டுவிட்டு அதோடு சண்டை போடும் வழக்கம் அந்தக் கொத்தனார்களுக்கு இல்லை. இப்போது வீடு கட்டுகிறவர் இன்ஜினியரிடம் கேட்கும் முதல் கேள்வி, “எலிவேஷன் எப்படி வரும் சார்?” காற்று எப்படி வரும் என்று கேட்பவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

சாம்பார் வழங்கும் முறையில் கருதுகோள் மேலும் உறுதிப்படுகிறது. திருவல்லிக்கேணியில் 1948 முதல் இருக்கும் ரத்னா கஃபேயில் இட்லி வந்தபின் சர்வர் ஜக்கோடு வருவார். இட்லியின் தலை மறையும்வரை ஊற்றுவார். பாதி தின்றதும் இட்லி மறுபடி வெளியே தெரியுமல்லவா, தலையைத் தூக்கிப் பார்த்தால் போதும், மறுபடி வருவார். கண்ணாடி முகப்புக் கடைகளில் சாம்பார் ஒரு பித்தளை வாளியில் வருகிறது. வாளி என்றால் கிணற்றில் விடும் வாளி என்று எண்ண வேண்டாம். கைப்பிடி, வளையம், கழுத்துப் பட்டை எல்லாம் அச்சு அசலாக இருக்கும். உள்ளே இரண்டு கரண்டி கொள்ளும். அதில் முருங்கைக்காய்த் துண்டு நுழையாது என்பதால் முருங்கைக்காயே போடுவதில்லை. பாத்திரத்தின் வடிவமைப்பு சமையலைத் தீர்மானித்துவிட்ட இடம் இது. இரண்டாவது வாளி கேட்டால் “எக்ஸ்ட்ரா சார்ஜ் ஆகும் சார், பரவாயில்லையா?” என்கிறார் தம்பி.

இந்த எதிர்விகிதத்தை அதன் எல்லைவரை கொண்டுபோனால், கட்டடம் சுழியத்தை நெருங்கும்போது சுவை உச்சத்தை எட்ட வேண்டும். எட்டியது. கதீட்ரல் சாலையில் 1962 முதல் 2008 வரை உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இருந்தது. மரநிழல், கார், கார்க் கதவில் மாட்டிய தட்டு: அதுவே டைனிங் ஹால். மூடியபின் அந்த இடம் 2010-இல் செம்மொழிப் பூங்காவானது; மரம் உண்டு, செடி உண்டு, நெய் ரோஸ்ட் கிடையாது. இன்னொரு சான்று ஓஎம்ஆரில் அன்றாடம் நடக்கிறது. கண்ணாடிக் கோபுரத்துக்குள் குளுகுளு ஃபுட் கோர்ட் இருக்க, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு லிஃப்டில் இறங்கி, ரோட்டோர டீக்கடை முன்னால் தூசியில் நிற்கிறார்கள் பிள்ளைகள்.

பூசாத சுவரும் கூரையில் தொங்கும் ஏசி குழாயும் ‘இண்டஸ்ட்ரியல் லுக்’ எனப்படுகின்றன. கையில் பணம் தீர்ந்தவர்கள் காலங்காலமாக இந்தப் பாணியில் கட்டி வந்திருக்கிறார்கள் என்பதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஆய்வாளரை அதிகம் அலைக்கழித்தது கை கழுவும் இடம். பழைய ஹோட்டலில் அது வாசலைப் பார்த்தே இருக்கும். உள்ளே வருகிறவனும் கழுவலாம், போகிறவனும் கழுவலாம். புதிய உணவகத்தில் அது ரகசியம். ரசம் வழியும் வலக்கையை நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு “வாஷ் பேசின் எங்கப்பா?” என்றால், “லெஃப்ட்ல போய் ரைட் சார்” என்பார்கள். ரைட்டில் ஒரே மாதிரி இரண்டு மரக்கதவு. ஒன்று ஸ்டோர் ரூம். கதவைத் திறக்கக் குமிழ் பிடிக்க வேண்டும். பிடிக்கும் கையிலோ சாதம். உள்ளே கிரானைட் பலகைமேல் உட்கார்ந்திருக்கும் தட்டை பேசின். குழாய் அதன் விளிம்பிலேயே முடிந்துவிடுவதால் தண்ணீர் தெறித்து நேராகப் பேண்டில் விழும். இதை வரைந்தவர் முள்கரண்டியால் சாப்பிடுகிறவர் என்பது என் துணிபு.

மறுப்புரைகளுக்கு வருவோம். பழைய மெஸ்களிலும் குறை உண்டு. சாப்பிடும்போதே நாற்காலிக்குப் பின்னால் ஒருவர் வந்து நிற்பார். மோர் சாதத்துக்கு வந்துவிட்டோமா என்று இலையை எட்டிப் பார்ப்பார். அந்தப் பார்வையில் அப்பளம்கூடத் தொண்டையில் இறங்காது. கண்ணாடிக் கடையில் அந்தத் தொல்லை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். அண்ணாநகர்ப் பக்கம் ஒரு முழுக்கண்ணாடிக் கடையில் பொங்கல் அருமையாக இருந்ததும் உண்மை. விசாரித்ததில் மாஸ்டர், இடித்துத் தள்ளப்பட்ட ஒரு பழைய ஓட்டுக் கட்டட ஹோட்டலிலிருந்து வந்தவர் என்று தெரிந்தது. ஆகவே விதி விதியாகவே நிற்கிறது.

2003-இல் தமிழ்நாட்டில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள்; நாமும் முணுமுணுத்துக்கொண்டே தோண்டினோம். ஆகவே பிளான் அப்ரூவல் தரும் அதிகாரிகளுக்கு ஒரு விண்ணப்பம். உணவகத்துக்கு வரைபடம் கொண்டுவரும் ஆர்க்கிடெக்டை உட்காரவைத்து, இலை போட்டு, ரசம்வரை பரிமாறி, அவர் வரைந்த கட்டடத்திலேயே கை கழுவிவிட்டு வரச் சொல்லுங்கள். பேண்ட் நனையாமல் திரும்பினால் கையெழுத்துப் போடுங்கள்.