எங்கள் உறுப்பினரின் வாக்கைக் காணவில்லை

அனுப்புநர்:
ஒரு வாக்காளர்,
சிட்லபாக்கம், தாம்பரம் மாநகராட்சி.

பெறுநர்:
பொதுச் செயலாளர் அவர்கள்,
மக்களவைச் செயலகம், புது தில்லி.

பொருள்: எங்கள் தொகுதி உறுப்பினர் அவையில் அளித்த வாக்குகள் காணாமற்போனது – கண்டுபிடித்துத் தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 19.04.2024 அன்று நாங்கள் அளித்த வாக்கு.

ஐயா / அம்மையீர்,

முதலில் எங்களை அறிமுகப்படுத்திக்கொள்கிறோம். நாங்கள் ஸ்ரீபெரும்புதூர் மக்களவைத் தொகுதிக்காரர்கள். பெயர்தான் ஸ்ரீபெரும்புதூர், எங்களில் பலர் ராமானுஜரைச் சேவிக்கப் போனால்தான் அந்த ஊரையே பார்ப்போம். 2008 தொகுதிச் சீரமைப்பில் ஆலந்தூர், பல்லாவரம், தாம்பரம், மதுரவாயல், அம்பத்தூர் என்று சென்னையின் ஓரங்களையெல்லாம் வாரி அந்தப் பெயருக்குள் போட்டுவிட்டார்கள். 23 லட்சத்துக்கு மேல் வாக்காளர்கள், தமிழ்நாட்டிலேயே பெரிய தொகுதி. அதற்கு முன் தாம்பரம் தென்சென்னையில் இருந்தது. 1996 முதல் அங்கே வென்றுவந்தவர் தி.மு.க.வின் டி.ஆர். பாலு. 2009, 2019, 2024 தேர்தல்களில் இங்கே வென்றவரும் அவரே. நடுவில் 2014-இல் மட்டும் அ.தி.மு.க.வின் கே.என். ராமச்சந்திரன். ஆக, ஒரே உறுப்பினரைக் கால் நூற்றாண்டாகப் பின்தொடரும் பாக்கியம் எங்களைப் போல் வெகு சிலருக்கே வாய்த்திருக்கும். அந்தப் பாக்கியத்தைக் கொஞ்சம் பயன்படுத்திக்கொள்ளலாமே என்று உட்கார்ந்ததில்தான் வினை.

எங்கள் பக்கத்துக் குடியிருப்போர் நலச் சங்கங்களைப் பற்றித் தாங்கள் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. ரயில்வே, தொலைபேசி, விமானப்படை என்று மத்திய அரசின் சகல துறைகளிலிருந்தும் ஓய்வு பெற்றவர்கள் நிறைந்த அமைப்பு. ஏரிக்குள் எத்தனை வீடு இறங்கியது, மழைநீர்க் கால்வாய் யார் வீட்டு வாசலோடு நின்றுபோனது, குப்பை வண்டி எந்தக் கிழமை வரவில்லை என எல்லாவற்றுக்கும் நோட்டுப் போட்டு வைத்திருப்பார்கள். அப்படி ஒருவர் நீள நோட்டு ஒன்றில் நான்கு கட்டம் போட்டார். மசோதாவின் பெயர். நிறைவேறிய நாள். நம் உறுப்பினர் எந்தப் பக்கம். என்ன பேசினார். முதல் இரண்டு கட்டங்களும் மளமளவென்று நிரம்பின. மூன்றாவது கட்டத்துக்கு வந்தபோது பேனாவை மூடி வைத்துவிட்டார்.

தங்கள் அவையில் சட்டம் பிறக்கும் அழகைத் தொலைக்காட்சியில் கண்டோம். அவைத்தலைவர் மசோதாவை வாக்குக்கு விடுகிறார். ஆதரிப்பவர்கள் ‘ஆம்’ என்கிறார்கள், சத்தம். எதிர்ப்பவர்கள் ‘இல்லை’ என்கிறார்கள். இன்னும் பெரிய சத்தம். ‘ஆம்’ என்றவர்களே வென்றதாகத் தலைவருக்குத் தோன்றுகிறது. வென்றார்கள், வென்றார்கள் என்று இருமுறை சொன்னதும் 140 கோடிப் பேருக்கும் சட்டம். எங்கள் அடுக்குமாடியில் லிஃப்ட் பராமரிப்புக்கு மாதம் ஐம்பது ரூபாய் கூட்டுவதென்றால்கூடக் கைகளை எண்ண வேண்டும். எதிர்த்தவர் பெயரை மினிட்ஸ் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். இல்லையென்றால் மறுநாள் செயலாளர் மோட்டார் போடும் பக்கமே தலைகாட்ட முடியாது. நாடு என்றால் அவ்வளவு கறார் தேவையில்லை போலும்.

மூன்று வேளாண் சட்டங்களும் 2020 செப்டம்பரில் தங்கள் அவையில் குரல் வாக்கெடுப்பில் வந்தன. பக்கத்து வீடான மாநிலங்களவையில் தி.மு.க.வின் திருச்சி சிவா பெயர் பதியும் வாக்கெடுப்பு கேட்டார். கேட்டவர்கள் தம் இருக்கையில் இல்லை என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். அவர் இருக்கையில் இருந்தபடியே கேட்டது அவைத் தொலைக்காட்சியின் காணொளியிலேயே இருக்கிறது என்று பிறகு செய்தி வந்தது. ஓராண்டு டெல்லி எல்லையில் விவசாயிகள் உட்கார்ந்த பின், 2021 நவம்பர் 29 அன்று அதே சட்டங்களைத் திரும்பப் பெறும் மசோதா விவாதமே இல்லாமல் நிறைவேறியது. அதுவும் குரலில்தான். வந்ததும் குரலில், போனதும் குரலில். நோட்டில் இரண்டு வரி கூடியது. மூன்றாவது கட்டம் இரண்டிலும் காலி.

சத்தத்தில் திருப்தி இல்லாத எந்த உறுப்பினரும் டிவிஷன், அதாவது பெயர் பதியும் வாக்கெடுப்பு, கேட்கலாம் என்று தங்கள் நடைமுறை விதி 367 சொல்கிறதாம். சந்தோஷம். ஆனால் அதே விதியின் உள்ளே இன்னொன்றும் இருக்கிறது. தேவையில்லாமல் கேட்கிறார்கள் என்று தலைவர் கருதினால், இரு தரப்பையும் எழுந்து நிற்கச் சொல்லித் தலையை மட்டும் எண்ணிக்கொள்ளலாம். அப்போது பெயர்களைக் குறிக்கக் கூடாது. கவனியுங்கள்: குறிக்கத் தேவையில்லை என்பதல்ல, குறிக்கக் கூடாது என்பதே விதி. இதை எழுதியவர் யாரோ, எங்கள் சங்கத்தில் சேர்ந்தால் கணக்குத் தணிக்கையே வேண்டியிருக்காது.

எங்கள் நோட்டில் சிவப்பு மையில் சுழித்து வைத்திருப்பது 2023 டிசம்பர். 13-ஆம் தேதி பார்வையாளர் மாடத்திலிருந்து இருவர் அவைக்குள் குதித்தார்கள். எப்படி நடந்தது என்று உள்துறை அமைச்சர் வந்து சொல்ல வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் பதாகை பிடித்தன. இடைநீக்கம் ஆரம்பித்தது. 14-ஆம் தேதிப் பட்டியலில் சேலம் உறுப்பினர் எஸ்.ஆர். பார்த்திபன் பெயரும் இருந்தது. அவர் அன்றைக்கு அவைக்கே வரவில்லை! அடையாளத்தில் பிசகு என்று பிறகு பெயரை எடுத்துவிட்டார்கள். வராதவர் கூச்சலிட்டதையே கண்டுபிடித்த அவைக்கு, வந்தவர் எந்தப் பக்கம் வாக்களித்தார் என்று சொல்வது ஒரு வேலையா?

18-ஆம் தேதி மக்களவையில் மட்டும் 33 பேர் இடைநீக்கம். இங்கே எங்கள் பூகோளத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தென் புறநகர் மூன்று மக்களவைத் தொகுதிகளுக்குப் பங்கு. தாம்பரமும் பெருங்களத்தூரும் ஸ்ரீபெரும்புதூர். மேடவாக்கம் போனால் தென்சென்னை. வண்டலூர் போனால் காஞ்சிபுரம். மகளைத் தாம்பரத்திலும் மகனை மேடவாக்கத்திலும் குடிவைத்து, தான் ஊரப்பாக்கத்தில் இருப்பவருக்கு மூன்று எம்.பி.க்கள். அந்த மூவரும், டி.ஆர். பாலு, தமிழச்சி தங்கபாண்டியன், ஜி. செல்வம், அன்றைய ஒரே பட்டியலில் வெளியே போனார்கள். இரண்டு நாள் கழித்து, 20-ஆம் தேதி, ஆங்கிலேயர் காலத்து இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா, கூடவே குற்ற நடைமுறைக்கும் சாட்சியத்துக்கும் புதுச் சட்டங்கள், மூன்றும் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. 2024 ஜூலை 1 முதல் தாம்பரம் மாநகரக் காவல் நிலையங்களில் அந்தச் சட்டத்தில்தான் வழக்குப் பதிகிறார்கள். மீனம்பாக்கத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரை மின்சார ரயிலில் வரும் ஒருவருடைய பிரதிநிதியும் அதற்கு ‘ஆம்’ சொல்லவில்லை, ‘இல்லை’யும் சொல்லவில்லை. நோட்டுக்காரர் அந்த வரியில் என்ன எழுதுவது என்று கேட்டார். ‘வெளியே’ என்று எழுதச் சொன்னோம்.

எல்லா வாக்கும் காணாமற்போகிறது என்று சொன்னால் பாவம். 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு 269-க்கு 270 என்று ஒரே வாக்கில் கவிழ்ந்தபோது தி.மு.க. எந்தப் பக்கம் என்பது டீக்கடைப் பெஞ்சுக்கும் தெரியும். அரசமைப்புத் திருத்தம் என்றால் எண்ணியே ஆக வேண்டும். ஆகவே மகளிர் இடஒதுக்கீட்டுக்கு 2023 செப்டம்பரில் 454 ஆதரவு, 2 எதிர்ப்பு. வக்பு மசோதாவுக்கு 2025 ஏப்ரலில் எதிர்க்கட்சிகள் விடாப்பிடியாகக் கேட்டதில் 288-க்கு 232. ஒரே நாடு ஒரே தேர்தல் மசோதாவை 2024 டிசம்பர் 17-இல் அறிமுகம் செய்தபோது, புதுக் கட்டடத்தில் முதன்முறையாகப் பொத்தான் அழுத்தினார்கள். பலகை 220-க்கு 149 என்றது. பிறகு சீட்டுகள் வந்தன; 269-க்கு 198 ஆயிற்று. கிட்டத்தட்ட நூறு பேருடைய வாக்கு துண்டுச் சீட்டில் வந்து சேர்ந்திருக்கிறது. எங்களுக்கு மட்டும் வாக்குச்சாவடியில் பொத்தானை அழுத்திவிட்டு ‘திருத்தத்துக்கு உட்பட்டது’ என்று சொல்லிச் சீட்டு நீட்டும் வசதி கிடையாது.

பதிவான வாக்கிலாவது எங்கள் உறுப்பினர் இருக்கிறாரா என்று தேடினால் அங்கே கொறடா உட்கார்ந்திருக்கிறார். 1985-இல் வந்த பத்தாவது அட்டவணைப்படி கட்சி உத்தரவை மீறி வாக்களித்தாலோ, வாக்களிக்காமல் ஒதுங்கினாலோ பதவி போகும். கட்சி பதினைந்து நாளுக்குள் மன்னித்தால் பிழைத்தார். கட்சி மாறிகளைத் தடுக்க வந்த சட்டம், நல்ல எண்ணம்தான். எம்.எல்.ஏ.க்களை அடைத்துவைத்த கூவத்தூர் சொகுசு விடுதியைப் பார்த்த தமிழ்நாட்டுக்காரர்கள் அதை மறுக்க முடியாது. ஆனால் ஆட்சி கவிழும் வாக்கெடுப்புக்குப் போட்ட பூட்டை அணைப் பாதுகாப்புக்கும் துறைமுகச் சட்டத்துக்கும் சேர்த்துப் போட்டுவிட்டார்கள். நாங்கள் வெயிலில் வரிசையில் நின்று அனுப்பியது ஒருவரை. அவர் விரலை அழுத்துவது இன்னொருவர்.

கொறடா உத்தரவிட முடியாத வாக்கும் உண்டு. குடியரசுத் தலைவர், துணைத் தலைவர் தேர்தல்களில் உறுப்பினர் தன் இஷ்டப்படி வாக்களிக்கலாம். அது ரகசிய வாக்கெடுப்பு! சுதந்திரமாக அளிக்கும் வாக்கு எங்களுக்குத் தெரியக் கூடாது; தெரியும் வாக்கு சுதந்திரமானதாக இருக்கக் கூடாது. 2025 செப்டம்பர் 9-இல் நடந்த துணைத் தலைவர் தேர்தலில் 767 பேர் வாக்களித்ததில் 15 செல்லாதவை. எங்கள் வார்டுப் பாட்டிமார்களைக் கொண்டு தங்களுக்கு ஒரு பயிற்சி முகாம் நடத்தித் தரத் தயாராக இருக்கிறோம்.

இனி நாலாவது கட்டம், பேச்சு. இது நிரம்புகிறது, எதைக் கொண்டு நிரம்புகிறது என்பதுதான் விஷயம். தங்கள் அவைக்குறிப்பைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் ‘குறுக்கீடுகள்’, ‘அவைக்குறிப்பில் ஏற்றப்படவில்லை’, நட்சத்திரக் குறிகள். உறுப்பினர் வாயைத் திறக்காமல் மேஜையில் வைத்த தாளும் பேச்சாகவே அச்சேறுகிறது. அவர் தமிழில் முழங்கினால் ஆங்கிலம் மட்டும் மிஞ்சுகிறது, ‘தமிழில் ஆற்றிய உரையின் மொழிபெயர்ப்பு’ என்ற அடிக்குறிப்போடு. தாம்பரத்துக்காரர் தாம்பரத்துக்காகத் தமிழில் பேசியதை, சேலையூர் பள்ளிக்கூடத்து ஆங்கில ஆசிரியரைக் கூட்டிவந்து வாசிக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வருகைப்பதிவு, கேள்விகள், விவாதங்கள் என்று பி.ஆர்.எஸ். என்ற ஆய்வு அமைப்பு கணக்கெடுத்து வருகிறது, பெரிய உபகாரம். ஆனால் அந்தக் கணக்கில் அமைச்சர்கள் வர மாட்டார்கள், ஏனென்றால் அமைச்சர் வருகைப்பதிவில் கையெழுத்திட வேண்டாம், கேள்வியும் கேட்க முடியாது. எங்கள் உறுப்பினர் 2004 முதல் 2009 வரை கப்பல், சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலை அமைச்சர். கேள்வி பூஜ்யம், அந்தக் காலத்தில் எழுந்த கத்திப்பாரா மேம்பாலம் 2008-இல் திறந்தாயிற்று. கேள்வியை எண்ணினால் மேம்பாலம் தெரியாது, மேம்பாலத்தைப் பார்த்தால் கேள்வி தெரியாது. ஒரு நாளுக்கு 20 நட்சத்திரக் கேள்வி, 230 நட்சத்திரமில்லாக் கேள்வி, குலுக்கலில் வந்தால்தான் உண்டு. அதிர்ஷ்டத்தையும் உழைப்பையும் ஒரே பத்தியில் கூட்டிச் சதவீதம் போட்டு, ‘முதல் மதிப்பெண் எம்.பி.’ என்று போஸ்டர் அடிக்கிறார்கள். நாங்களும் நின்று படிக்கிறோம், வேறென்ன படிப்பது? உறுப்பினரின் தடயமாக எங்கள் கண்ணில் படுவது பேருந்து நிழற்குடை ஒன்றுதான். தொகுதி மேம்பாட்டு நிதி, மதிப்பீடு இத்தனை லட்சம், நாடாளுமன்ற உறுப்பினர் பெயர் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். ஆண்டுக்கு ஐந்து கோடி ரூபாய்க்குக் கல்வெட்டு உண்டு. சட்டத்துக்குப் போட்ட வாக்குக்கு ஒரு வரி கிடையாது.

லண்டனில் ஸ்ட்ராட்ஃபோர்டு அண்ட் போ தொகுதியில் 2024-இல் வென்ற ஈழத்தமிழ் வம்சாவளிப் பெண் உமா குமரன் எந்த டிவிஷனில் எந்தப் பக்கம் நடந்தார் என்பதைத் தாம்பரம் சானடோரியம் நடைமேடையில் நின்றபடி செல்பேசியில் பார்க்கிறோம். இலங்கையில் மந்திரி.எல்கே என்ற இணையதளம் உறுப்பினர்களின் பேச்சை மூன்று மொழியிலும், தமிழ் உட்பட, தொகுத்துத் தந்தது. எங்களவருடைய வாக்கைப் பார்க்கத்தான் புது தில்லிக்கு மனு எழுத வேண்டியிருக்கிறது.

டி.ஆர். பாலு மீதோ வேறு எந்த உறுப்பினர் மீதோ எங்களுக்குப் புகார் இல்லை. புகார் வைக்கத் தேவையான விவரம் இல்லை என்பதே புகார்.

ஆகவே, இறுதியாக நிறைவேறும் ஒவ்வொரு மசோதாவையும் யாரும் கேட்காமலேயே பெயர் பதிந்து வாக்கெடுக்க விதியைத் திருத்த வேண்டுகிறோம். பொத்தான் இருக்கிறது, பலகை இருக்கிறது, மின்சாரமும் அங்கே போகாது. வாக்கு விவரத்தை அன்றைக்கே, தமிழிலும், உறுப்பினர் பெயரைத் தட்டினால் வரும்படி வெளியிடுங்கள். தமிழ்ப் பேச்சைத் தமிழிலேயே அச்சிடுங்கள். கொறடா உத்தரவு அரசின் உயிர் போகும் வாக்கெடுப்புகளுக்கு மட்டும் போதும்; 1990-இல் தினேஷ் கோஸ்வாமி குழுவும் 1999-இல் சட்ட ஆணையத்தின் 170-ஆவது அறிக்கையும் ஏறத்தாழ இதையே சொல்லிவிட்டன. அந்தக் கோப்புகள் தங்கள் கட்டடத்தில்தான் எங்கேயாவது இருக்கும். தேடி எடுத்து அவையின் முன் வையுங்கள். இந்தத் திருத்தங்களை நிறைவேற்றும்போது தயவுசெய்து குரல் வாக்கெடுப்பு வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தாம்பரம் வாக்காளர்.

நகல்: அனைத்துக் கட்சிக் கொறடாக்களுக்கும், தகவலுக்காக. இதை ஆதரிப்பதும் எதிர்ப்பதும் அவரவர் மனசாட்சிப்படி. எங்கள் தரப்பிலிருந்து உத்தரவு எதுவும் இல்லை.